ஜூன் ஒன்றுக்குள் ஒரு சட்டத் திருத்தம்

திருத்துறைப்பூண்டி,
பிப்ரவரி 11, 2026

அமெரிக்க நாடாளுமன்றத்தில் குடியேற்றச் சட்டங்களைக் கவனிக்கும் குழுவின் மாண்புமிகு தலைவர் அவர்களின் சமூகத்துக்கு, திருத்துறைப்பூண்டி காதர் மைதீன் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி நஃபீசாவும் மகள் ஆஷிகாவும் இறைவன் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் உங்கள் குழுவினரும், உங்களோடு எந்நேரமும் சண்டை போடும் எதிர்க்கட்சியினரும்கூட, சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். ஒரு சட்டம் நிறைவேற இரண்டு பக்கமும் கை தூக்க வேண்டுமாமே, அதனால் யாருக்கும் கை வலி வந்துவிடக் கூடாது. ஐயா என்று விளிப்பதா அம்மா என்று விளிப்பதா தெரியவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் தலைவர் மாறுவார் என்று என் தங்கை மகன் ஃபாஜில் சொல்கிறான். ஆகவே இருவருக்கும் பொருந்தும்படி எழுதுகிறேன்.

உங்கள் நாட்டில் பணம் முதலீடு செய்து குடியேறுகிறவர்களுக்கென்று ஒரு விசாத் திட்டம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதில் நானும் ஒருவன். அந்தத் திட்டத்தைத் திருத்தக் கோரி முதலீட்டாளர்கள் எல்லோரும் உங்களுக்குக் கடிதம் போட வேண்டுமாம். அதற்கென்று ஒரு மாதிரிக் கடிதத்தைச் சென்னையிலிருந்து ஃபாஜில் அனுப்பியிருந்தான். இந்த விசா வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் கம்பெனியில்தான் அவன் இருக்கிறான். கோடிட்ட இடங்களை நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் கோடிட்ட இடங்களை நிரப்பியதே இல்லை. அதில், ‘நான் வேலைவாய்ப்புகளை உருவாக்கும் பெருமைமிகு முதலீட்டாளர்’ என்று ஒரு வரி இருந்தது. ஆஷிகா அதைத் தமிழில் சொன்னதும் நஃபீசா என்னை மேலும் கீழும் பார்த்து, “யாருங்க இது?” என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான். அதனால் மாதிரியை மடித்து வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த தமிழிலேயே எழுதுகிறேன். ஆஷிகா இதை ஆங்கிலமாக்கிக் கொடுப்பாள்.

இந்த வயதில் உனக்கு எதற்கு அமெரிக்கா என்று நீங்கள் கேட்கலாம். பத்தொன்பது வருஷம் குவைத்தில் மளிகைக் கடையில் நின்றவன் நான். முதலில் சம்பளத்துக்கு, பிறகு அதே கடையில் பங்காளியாக. அந்தச் சம்பளத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் விசா. பெண்டாட்டியைக் கூட்டிப் போக முடியாது. ஆஷிகா பிறந்த செய்தி எனக்கு டெலிபோனில் வந்தது. கடையில் கூட்டமாக இருந்ததால், சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டு, ஒரு எகிப்துக்காரருக்கு இரண்டு கிலோ பருப்பு நிறுத்துக் கொடுத்தேன். அந்தப் பருப்பை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. லீவில் வந்து நான் அவளை முதன்முதலாகத் தூக்கியபோது அவள் நடக்கவே ஆரம்பித்துவிட்டிருந்தாள். என்னைப் பார்த்து ‘மாமா’ என்றாள். ஊர் திரும்பி ஒரு அரிசி மில் வாங்கி நடத்திக்கொண்டிருந்தபோதுதான் ஃபாஜில் வந்து, “மாமா, இதுல குடும்பத்துக்கே சேத்து விசா. இருபத்தொரு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்க எல்லாம் உங்ககூடவே வரலாம்” என்றான். குடும்பத்துக்கே சேர்த்து என்ற அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். மில்லையும் நன்னிலத்தில் இருந்த தாத்தாவின் நிலத்தையும் விற்று, நீங்கள் கேட்ட தொகையைக் கட்டினேன். அது நடந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது.

பணம் நேர்மையாக வந்ததுதானா என்று நீங்கள் விசாரித்தது நியாயம். திருட்டுப் பணத்தை யார் வீட்டிலும் சேர்க்கக் கூடாது. ஆனால் விசாரித்த விதத்தில்தான் ஒரு சங்கடம் வந்தது. தாத்தா நிலத்தின் பழைய வரி ரசீதில் ‘பசலி 1381’ என்று போட்டிருக்கும். பசலி என்பது எங்கள் நிலவரிக்கு மட்டும் உள்ள தனி வருஷக் கணக்கு. முகலாயர் காலத்து வழக்கம். முகலாயர் போனார்கள், வெள்ளைக்காரர் போனார்கள், பசலி போகவில்லை. அதோடு ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கூட்டினால்தான் உங்கள் வருஷம் வரும். ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தவர் பசலியை விட்டுவிட்டு 1381-ஐ மட்டும் எடுத்துக்கொண்டார். உடனே உங்கள் அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது. மனுதாரரின் குடும்பம் 1381-ஆம் ஆண்டில் இந்த நிலத்தை வைத்திருந்ததாகத் தெரிகிறது, அந்த ஆண்டில் அவர்களுக்கு இருந்த சட்டபூர்வமான வருமானத்துக்கு ஆதாரம் தரவும் என்று. மாண்புமிகு தலைவர் அவர்களே, அப்போது கொலம்பஸே பிறக்கவில்லை. இதற்குப் பதினான்கு பக்கத்தில் பதில் தயாரித்து, பசலி என்றால் என்ன என்று ஒரு ஓய்வுபெற்ற தாசில்தாரிடம் சான்று எழுதி வாங்கி அனுப்புவதற்குள் ஒன்பது மாதம் போய்விட்டது. ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளையே பிறந்துவிடும்.

அடுத்தது அந்தப் பத்துப் பேர் விஷயம். என் பணத்தால் உங்கள் நாட்டில் பத்துப் பேருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது சட்டம். பணம் ஒரு ஹோட்டல் கட்டடத்துக்குப் போயிருக்கிறது. அந்த ஊரின் பெயரை ஆஷிகா மூன்று தடவை சொல்லிக்கொடுத்தும் என் வாயில் நுழையவில்லை. ஹோட்டல் எப்படி இருக்கும் என்று வர்ணப் படம் ஒன்று அனுப்பினார்கள். அதன் வாசலில் நடமாடும் ஆட்களை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன். ஒன்பது பேர். ஒரு நாய். நாயையும் சேர்த்தால் சரியாக வந்தது. ஃபாஜிலுக்கு போன் போட்டு, ஒரு ஆள் குறைகிறதே, சட்டச் சிக்கல் வருமா என்று கேட்டேன். “மாமா, அது கம்ப்யூட்டர்ல வரைஞ்ச ஆளுங்க. வேலைய வேற மாதிரி கணக்குப் பாப்பாங்க. நீங்க படத்த எண்ணாதீங்க” என்றான்.

என் மில்லில் பதினோரு பேர் வேலை செய்தார்கள். படத்தில் இல்லை, நிஜத்தில். பாய்லரில் காத்தான், களத்தில் நெல் காய வைக்கும் வேம்பு என்று ஒவ்வொருவர் பெயரையும் என்னால் சொல்ல முடியும். மில்லை வாங்கியவர் புது மெஷின்கள் போட்டுவிட்டார். இப்போது மூன்று பேர் போதுமாம். வேம்பு நூறு நாள் வேலைக்குப் போகிறாள். காத்தான் திருப்பூர் போய்விட்டான். போன மாதம் கடைத்தெருவில் வேம்பு என்னை நிறுத்தி, “ஏன் மொதலாளி, அமெரிக்காவுல பத்துப் பேருக்கு வேல போட்டுக் குடுத்திருக்கீங்களாமே, அவங்க பேரு என்னங்க?” என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. குத்துவது அவள் சுபாவம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உன் மகள் எழில்மொழி எப்படி இருக்கிறாள் என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். அந்தப் பெண் நர்ஸ் படித்து, பரீட்சை எழுதி, தன் கையாலேயே எல்லா ஃபாரத்தையும் நிரப்பி அயர்லாந்து போய்விட்டவள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. இங்கே எட்டுப் பேரின் வேலையை எடுத்து அங்கே பத்துப் பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கணக்குப்படி உலகத்துக்கு இரண்டு வேலை லாபம். அந்த லாபத்தை வேம்புவிடம் எப்படிச் சொல்வது?

இப்போது தலையாய விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஜூன் ஒன்றாம் தேதி ஆஷிகாவுக்கு இருபத்தொரு வயது நிறைகிறது. அன்றைக்குள் விசா வரிசையில் எங்கள் முறை வராவிட்டால் அவள் என் மனுவிலிருந்து விழுந்துவிடுவாள் என்று வக்கீல் சொல்கிறார். எனக்கும் நஃபீசாவுக்கும் விசா வரும், பிள்ளைக்கு வராது. யாருக்காக மில்லை விற்றேனோ அவளை இங்கே விட்டுவிட்டு, நானும் நஃபீசாவும் அந்த வாயில் நுழையாத ஊரில் போய் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளையைப் பிரிந்திருப்பதற்கு எனக்கு அமெரிக்கா எதற்கு, அதைத்தான் குவைத்திலேயே செய்தேனே.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுத வேண்டாம், மனுவே போய்விடும் என்று ஃபாஜில் போனில் தலையில் அடித்துக்கொள்கிறான். ஆஷிகாவின் நிஜமான பிறந்தநாள் ஜூன் ஒன்று அல்ல. நிஜக் கணக்கில் அவளுக்கு இருபத்தொன்று நிறைவது அடுத்த வருஷம் ஏப்ரலில்தான். ஃபாஜிலின் தங்கை அனீஸாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, இவளும் அவளும் ஒரே ஆட்டோவில் போய் வரட்டும் என்று, லீவில் வந்திருந்த நான்தான் இவளையும் இழுத்துக்கொண்டு போனேன். வயது போதாது என்றார் தலைமையாசிரியர். பிறகு அவரே மனமிரங்கி, “வலது கைய தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடும்மா, பாப்போம்” என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் பழைய வயதுப் பரீட்சை. இவளுக்கு என்னைப் போல நீளக் கை. காதைத் தொட்டதோடு நிற்காமல் கம்மலையும் பிடித்து ஆட்டினாள். அவர் சிரித்துவிட்டு ஜூன் ஒன்று என்று பத்து மாதம் முன்தள்ளி எழுதிக்கொண்டார். தாமதமாக வாங்கிய பிறப்புச் சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட் வரை எல்லாம் அந்த ஜூன் ஒன்றின் பின்னாலேயே போய்விட்டன. ஆட்டோ வாடகையில் மிச்சம் பிடிக்க என் பிள்ளையின் வயதிலிருந்து பத்து மாதத்தைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பத்து மாதம்தான் இன்றைக்கு என் கழுத்தைப் பிடிக்கிறது. அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. பொய் என்னுடையது, தண்டனையும் எனக்கே ஆகட்டும்.

நான் கேட்பது இதுதான். எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்து பூத்தூவுகிற படம் பேப்பரில் வந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் எங்கள் வாய்க்காலில் ஈரம் தெரியும். வரும் என்று நம்பி நாற்று விட்டவன் தினமும் போய் மதகைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முப்பது நாளைக்குள் பறித்து நட்டாக வேண்டும். தண்ணீர் வரவில்லையே என்று நாற்று வளராமல் காத்திருக்காது. நாற்றங்காலிலேயே முற்றிப் போகும். அதற்காக, உன் நாற்று ஏன் முற்றியது என்று எந்த அதிகாரியும் விவசாயியைக் கேட்பதில்லை. தண்ணீரைத் தாமதித்தவர் நீங்கள், வயது ஏறியது பிள்ளைக்கு. ஆகவே மனு போட்ட தேதியில் பிள்ளைக்கு என்ன வயதோ அதையே கடைசி வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ரசீதைப் படிக்கிறவர் மேசையில் பசலி தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். கூடவே, ஒவ்வொரு முதலீட்டாளருக்கும் அவர் பணத்தால் வேலை பெற்ற பத்துப் பேரின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். முகவரி வேண்டாம், தொந்தரவு பண்ண மாட்டோம். பெயர் போதும். இவற்றை ஜூன் ஒன்றுக்குள் நிறைவேற்றித் தர வேண்டும் என்று கை கட்டிக் கேட்டுக்கொள்கிறேன். நாலு மாதம் குறைவான அவகாசம்தான், ஆனால் மனமிருந்தால் மார்க்கமுண்டு.

உங்கள் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் போன் போட்டால் உடனே எடுக்கும்படி ஆண்டவன் அருள் புரியட்டும். உங்கள் வீட்டாருக்கும், எதிர்க்கட்சி வீட்டாருக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
காதர் மைதீன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதியது நேற்று. ஆங்கிலமாக்கச் சொல்லி ஆஷிகாவிடம் கொடுத்தேன். நாய் வரும் இடத்தில் சிரித்தாள். கம்மல் வரும் இடத்தில் சிரிக்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்து, “அத்தா, ஜூன் ஒண்ணு எப்ப வரும்னு நானும்தான் நாள் எண்ணிட்டு இருக்கேன்” என்றாள். நானும் அதைத்தானேம்மா எழுதியிருக்கிறேன் என்றேன். “இல்லத்தா. அன்னைக்கு என் பேரு தானா விழுந்துடும், நான் வேணாம்னு வாயத் தொறந்து சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சிருந்தேன். எங்க போகணும்னு எனக்கு இன்னும் தெரியாது. போனா எழில்மொழி அக்கா மாதிரி நானாப் போவேன். அவங்க போறதுக்கு யாரும் மில்ல விக்கல” என்றாள். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். “வித்துட்டு வந்துதானே சொன்னீங்க? அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?” என்று அழுதாள். அடுக்களையிலிருந்து நஃபீசா, “எனக்கு மட்டும் போகணும்னு யாருகிட்ட சொன்னேன்?” என்றாள். மூன்று பேர் உள்ள வீட்டில் மூன்று பேரும் மற்ற இருவருக்காகத்தான் அமெரிக்கா போவதாக இருந்திருக்கிறோம். மனம் உடைந்துதான் போனது. ராத்திரி சோறு மட்டும் இறங்கியது.

ஆகவே மாண்புமிகு தலைவர் அவர்களே, சட்டத்தை அவசியம் திருத்துங்கள். மதகைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தகப்பன்மார் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் தயவுசெய்து ஜூன் இரண்டாம் தேதிக்குப் பிறகு திருத்துங்கள். அதுவரை உங்கள் வழக்கமான வேகத்திலேயே போகவும்.

அந்தப் பத்துப் பேரின் பெயரை மட்டும் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். வேம்பு இன்று காலையும் கேட்டாள்.