மீன் மணம் பிடித்த லைசென்ஸ் அண்ணன்

கம்ப்யூட்டர் 'சம்மதமா?' என்று கேட்கிற இடத்தில், அதற்கு மேலே இருக்கிற பத்துப் பக்க லைசென்ஸையும் படித்துவிட்டுச் சம்மதம் சொன்ன ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் லைசென்ஸ் அண்ணன்தான். மனசுக்குள் படிக்கமாட்டார். எழுந்து நின்று, சத்தமாக. மூலக்குளத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் மென்பொருள் ஆபீஸ். அவர் ஆரம்பித்தால், கீழே பஃப்ஸ் வாங்க வந்தவர்கள், மாடியில் யாருக்கோ நிச்சயதார்த்தப் பத்திரிகை வாசிக்கிறார்கள் என்று நினைத்து அண்ணாந்து பார்ப்பார்கள்.

போன வருஷம் ஐஸ் கம்பெனி முதலாளி ஒருவர் வந்தார். மீனை வைத்தால் நல்லதா கெட்டதா என்று மெஷின் சொல்ல வேண்டும். மணத்தை அளக்கும் சென்சார் தயார்; புரோகிராம் என் பொறுப்பு. 'மணம் இந்த அளவைத் தாண்டினால் கெட்டது' என்று ஒரு கோடு போட்டேன். பாதிக்குப் பாதி தப்பு.

"ரெண்டு வாரத்துல சரியா வரலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன்" என்றார் முதலாளி. எங்கள் கையில் இருந்ததே அந்த ஒரு வேலைதான். போனால் ஆபீஸுக்குப் பூட்டு.

லைசென்ஸ் அண்ணன் சென்சாரைப் பையில் போட்டுக்கொண்டு தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கே மீன் விற்கும் அஞ்சலை அக்கா முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மீனாக நீட்டி, "இது நல்லதாக்கா?" என்று கேட்டுக் கேட்டு, சென்சார் காட்டிய அளவோடு பதிலையும் குறித்துக்கொண்டார்.

"மூக்க ஊட்லயே வச்சிட்டு வந்துட்டியாப்பா?" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் சட்டையெல்லாம் செதிலோடு வந்தார். "தம்பி, நாறுனா கெட்டது. சரி. மணமே இல்லன்னாலும் கெட்டது, அழுகாம இருக்க மருந்து போட்டிருப்பான். நல்லது நடுவுல கீது. அதுவும் வஞ்சிரத்துக்கு ஒரு அளவு, நெத்திலிக்கு ஒரு அளவு. உன் நேர்கோடு எப்பிடிப் பிரிக்கும்? வளைஞ்சி சுத்திப் போற கோடு வேணும்."

நான் போட்ட கோட்டை அழித்தேன்.

வளைகோடு போடத் தெரிந்த மென்பொருளைத் தேட ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து வைத்த ஓப்பன் சோர்ஸ் மட்டும்தான். பதினோரு மென்பொருள் அகப்பட்டது. பதினோரு லைசென்ஸையும் நின்றுகொண்டே படித்தார். ஒன்றில் லைசென்ஸே இல்லை. "சொந்தக்காரன் யாருன்னு தெரியாத ஊட்ல குடி போறதா?" கழித்தார். ஒன்றை ஓட்ட பீரோ அளவுக்கு மெஷின் வேண்டும். கழித்தார். கழித்துக் கழித்து, யாரோ ஒரு மாணவர் எழுதிய சின்ன மென்பொருள் மிஞ்சியது. அஞ்சலை அக்காவின் பதில்களை அதற்கு ஊட்டினார்.

பரீட்சை துறைமுகத்திலேயே நடந்தது. முதலாளி பளபளவென்று ஒரு வஞ்சிரத்தை வைத்தார். சிவப்பு விளக்கு.

"இன்னாய்யா, இவ்ளோ பளிச்சுன்னு கீது, கெட்டதுங்குது!"

அண்ணன் மீனை அஞ்சலை அக்காவிடம் நீட்டினார். அவள் செவுளைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள்.

"மருந்துல ஊறி வந்துகீது. பூனகூட தொடாது."

முதலாளி முகம் வெளிறியது. அந்த மீன் வந்த லோடு காலையில்தான் அவர் கிடங்கில் இறங்கியிருந்தது.

மறுநாள் பணத்தோடு ஆபீஸுக்கு வந்து, "இந்தப் புரோகிராம் நம்மகிட்ட மட்டும் இருக்கட்டும்" என்றார்.

"யாரோ செஞ்சி வச்சத எடுத்துதான் செஞ்சோம். நாம சேத்ததையும் எல்லாருக்கும் வெக்கணும். லைசென்ஸ்ல அப்பிடித்தான் போட்டிருக்கு. படிச்சிக் காட்டவா?"

"வேணாம், வேணாம்!" முதலாளி படியிறங்கிவிட்டார். அண்ணன் அன்றே புரோகிராமை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி இன்டர்நெட்டில் போட்டுவைத்தார்.

சில மாதம் கழித்து, வேறொரு கடற்கரையிலிருந்து ஒரு மெயில். அங்கே மீன் விற்கும் பெண்கள் சேர்ந்து அந்தப் புரோகிராமைப் பயன்படுத்துகிறார்களாம், நன்றியாம். அண்ணன் பதில் எழுத உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார், எழுதினார். சாயங்காலம் அனுப்பியது இவ்வளவுதான்: "எல்லாரும் சௌக்கியமா? அங்க என்ன மீன் அதிகம்?"

அதுவரை நான் எழுத்துப்பிழை பார்க்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.