வண்டு மாஸ்டர் கேட்ட ஆறு மாதம்

கொழும்பு வெள்ளவத்தையில் அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி ஒரு சொல் கதைக்காத ஒரே மனிதர் வண்டு மாஸ்டர்தான். மரப்பட்டையைத் துளைத்து வாழும் வண்டு, அந்த வண்டில் தொற்றிக்கொண்டு வாழும் நூற்புழு. இவை இரண்டையும் விட்டால் அவருக்குப் பேச்சு இல்லை.

விலங்கியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பந்தியில் தீப்பெட்டியைத் திறந்து பக்கத்து இலைக்காரருக்கு வண்டு காட்டுவார். ஒரு மரண வீட்டில் சவப்பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாக் காய்ஞ்ச பலகை, வண்டு வராது” என்று மகனுக்கு ஆறுதல் சொன்னார்.

ஒருநாள் கேற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“வண்டு ஒரு பஸ், ஐசே. மரத்துக்கு மரம் போகுது. புழுவெல்லாம் செட்டைக்குக் கீழ ஏறிப் போகுதுகள். சிலது பேசாமல் இறங்கிப் போயிடும். சிலது டிரைவரின்ர வயித்துக்குள்ள பூந்து, முட்டை போடுறதைக் குறைச்சுப்போடும்.”

“டிக்கெட் எடுக்குதுகளோ மாஸ்டர்?”

“காலி வீதி பஸ்ஸில எல்லாரும் எடுக்கினமோ?”

எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் ஒரு பலா மரம். அதில் துளைகள் விழுந்து மரத்தூள் கொட்டத் தொடங்கியது. குடியிருப்போர் சங்கத் தலைவருக்கு உடனே மக்களின் உயிர் மேல் அக்கறை பிறந்தது. அவருடைய இரண்டாவது காருக்கும் நிற்க இடமில்லை. பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது, அனுமதி வேண்டும். செயலாளர் நான். நான் எழுதிய விண்ணப்பத்தில் ஒரு குறை இருக்குமா?

“ஆறு மாசம் தாருங்கோ. புழு வேலையைத் தொடங்கிட்டுது. வண்டு குறையும், மரம் தப்பும்” என்றார் மாஸ்டர்.

“உங்கட புழுவுக்குத் தவணை குடுக்க நான் ஆர் மாஸ்டர்?” என்றார் தலைவர்.

பார்வையிட அதிகாரி வந்தபோது மாஸ்டர் மரத்தடியில் மேசை போட்டு, நுணுக்குக்காட்டி வைத்து, நல்ல சிங்களத்தில் ஒரு மணித்தியாலம் பாடம் எடுத்தார். “மே பலன்ன மஹத்தயா”, இதைப் பாருங்கோ ஐயா, என்று ஒவ்வொரு புழுவாகக் காட்டினார். அதிகாரி மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஒரே வரியில் அறிக்கை எழுதினார்: வண்டு மட்டுமல்ல, புழுவும் உண்டு. வெட்டலாம்.

சாட்சியே மரத்துக்குத் தூக்குக் கயிறானது. மாஸ்டர் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

அனுமதிக் கடிதம் வந்தவுடன் தலைவரிடம் போனேன்.

“காணி பொதுக் காணி. எல்லா வீட்டுக்காரரும் ஒப்பம் வைக்க வேணும்” என்றேன்.

“பாதிப் பேர் வெளியில எல்லோ?”

“ஓம். டொராண்டோ, லண்டன், மெல்பேர்ண். அங்க தூதரகத்தில உறுதிப்படுத்தி அனுப்பட்டும்.”

“அதுக்கு ஒரு வருசம் போகும்.”

“நடைமுறை எண்டு ஒண்டு இருக்குதானே.”

அப்படியொரு நடைமுறையைச் சட்டம் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

நேற்று மாஸ்டர் லிஃப்ட் வாசலில் என்னை மறித்து, வண்டின் முட்டை குறைந்திருக்கிறது என்று தொடங்கினார். லிஃப்ட் இரண்டு தடவை வந்து போனது. நான் ஏறவில்லை.