ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் நடந்த லாந்தர்ப் பெரும்போர்

வாழ்க மாதேஸ்வரி! மத்தூர்க் கொல்லைகளில் கூலிக்குக் களையெடுத்த குலத்தில் முதன்முதலாய் வேதியியல் பட்டம் வென்ற வீராங்கனை. ஓசூர்ச் சிப்காட்டின் தகரக்கொட்டகைக் கோட்டைக்குள், நேற்று வார்த்த பித்தளைத் தொங்கு லாந்தர்களுக்கு ஆசிட் தடவி இருநூறாண்டுப் பழமை அருளும் காலமாற்றுக் கலையரசி. அவள் புகழ் பாடுகிறேன். கேட்க நேரமில்லாதவர்கள் ஷிஃப்டுக்குப் போகலாம்.

அன்று ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். மாலை நான்கு மணிக்கு, இங்கிலாந்துச் சீமை மாளிகைகளுக்கு லாந்தர் வாங்கி அனுப்பும் ஏஜெண்டு பெங்களூரிலிருந்து எழுந்தருள்வார். மாதிரி லாந்தரை அவர் ஏற்றால், ஆறு மாதமாய்ப் பயிற்சிக்காரியாகவே கிடக்கும் மாதேஸ்வரிக்கு வேலை நிரந்தரம். மறுத்தால் மத்தூர் பஸ். அறுகோண மேனியும் கண்ணாடிக் கதவும் கிரீட மூடியும் சங்கிலிக் கூந்தலும் கொண்ட அந்தக் கருநிறச் செல்வியைக் கொக்கியில் மாட்டிவிட்டு அவள் சோறுண்ணச் சென்ற அரைமணிப் பொழுதில், அந்தோ, புறப்பட்டாள் நாகம்மாள்!

துடைப்பப்படைத் தலைவி, பூஜை நெருங்கப் பித்தளை கண்டால் புளி போட்டுத் தேய்க்காமல் ஓயாத விரதத்தாள். லாந்தரை இறக்கினாள், தேய்த்தாள், இருநூறு ஆண்டுகளைப் பத்தே நிமிடத்தில் கழுவிச் சாக்கடையில் விட்டாள். திரும்பிய மாதேஸ்வரியின் கண்முன் உச்சிவெயிலெனத் தகதகத்தது லாந்தர்.

"அக்கா! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க! அந்தக் கறுப்பு மூணு நாளா நான் ஏத்தினது!"

"ஏம்மா, காலேஜு படிச்ச புள்ளதான நீ? பித்தளைய அழுக்காக்கறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

அந்தச் சொல்லம்பு பட்டப்படிப்பின் மார்பைத் துளைத்து மறுபுறம் வெளியே வந்தது.

ஆயினும் வீழ்ந்தாளில்லை. கையுறைக் கவசம் பூண்டு, ஆசிட் தூரிகையை வாளென உருவி அவள் ஒருபுறம் கறுப்பேற்ற, "பூஜைக்குக் கருப்பா வெக்கலாமா?" என்று முழங்கிய நாகம்மாள் மறுபுறம் பளபளப்பேற்ற, சானமாவுக் காட்டு யானைக்கூட்டங்கள் இரண்டு ஒரே ராகிக் கொல்லைக்கு மோதினாற்போல் இருவரும் சங்கிலியைப் பற்றி இழுக்க, புளிச்சாறு ஆசிட்டில் வழிய, லாந்தர் கறுப்பும் பச்சையும் பொன்னுமாய்க் கோலங்கெட்டு ஆடிய அக்கணத்தில் மணி நான்கடித்தது. மேனேஜர் ராஜசேகர் ஏஜெண்டுடன் உள்ளே நுழைந்தார்.

ஏஜெண்டு லாந்தரை மும்முறை வலம் வந்தார். மூடியை முகர்ந்தார். மண்ணும் விண்ணும் மூச்சடக்கின, கம்ப்ரஸர்கூட நின்றது.

"பழசுன்னா இதான் சார்! போன தடவை அனுப்பினது பெயிண்டு அடிச்ச மாதிரி இருந்தது. ஆர்டர் நானூறு லாந்தரும் இப்படியே வரணும்."

"மாதேஸ்வரி, நீ பர்மனென்ட்டு! எப்படிம்மா பண்ண?" என்றார் ராஜசேகர்.

வெற்றித்திருமகள் நாகம்மாளைப் பார்த்தாள். கொட்டகை அதிரப் பிரகடனம் செய்தாள்:

"நாகம்மாக்கா இல்லாம இது வராது சார். அவங்களயும் பர்மனென்ட் பண்ணுங்க. இல்லன்னா நானூறையும் நீங்களே தேச்சுக்கோங்க!"

ராஜசேகர் ஏஜெண்டைப் பார்த்தார், லாந்தரைப் பார்த்தார், தலையாட்டினார்.

சாயங்காலம் இருவரும் பஸ் ஸ்டாண்டு மளிகைக் கடையில் ரெண்டு கிலோ புளி வாங்கினார்கள்.