பிழை நானாவின் தறப்பாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுத்துப் பிழைகளை நீங்களே திருத்தி வாசியுங்கள்.

பிழைக்காக இவ்வளவு ஆவலோடு காத்திருக்கும் மனிதரை மன்னார்த் தீவு முழுதும் தேடினாலும் காணமாட்டீர்கள். ஒரு சமையல் பிழையில்லாமல் முடிந்தால் எங்கள் பிழை நானாவுக்கு நித்திரை வராது.

உப்புக்குளத்தில் கலியாண வீடுகளுக்குப் புரியாணி சமைக்கும் குழு எங்களுடையது. நானா தலைமைச் சமையல்காரர். அடுப்பு பாரூக்கின் பொறுப்பு. விறகும் தண்ணீரும் அன்ரன். வெங்காயம் நான். கண்ணீர் வடிகிறவனிடம் யாரும் கதை கேட்கமாட்டார்கள் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

விருந்தாளிகள் போனபின் நாங்கள் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்காருவோம். அன்றைய பிழை ஒன்றைச் சொல்லாமல் எவரும் சோற்றில் கை வைக்கக்கூடாது என்பது நானாவின் சட்டம். பசி தாங்காமல் பாரூக் ஒருமுறை தான் போகாத கலியாணத்தின் பிழையையும் ஒப்புக்கொண்டான்.

சொன்னால் மட்டும் போதாது. பிழையும் அதிலிருந்து படித்ததும் எழுத்தில் இருக்கவேண்டும். முதலில் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே எல்லாம் புதைந்துபோனது. வெங்காயம் கருகாமல் பொரிப்பதைப் பற்றிய பாடத்தை நானா போனில் தேடிக்கொண்டிருந்தபோதே வெங்காயம் கருகியது.

அதன்பின் பெயின்ற் வாங்கிப் புரியாணி வேகும் கிடாரத்தின் மூடியில் எழுதினார். அன்ரனுக்குச் சிரிப்பு.

"எங்கட சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்தா அவர் வெளியில சொல்லமாட்டார். நீங்கள் மூடியிலயே எழுதி வைக்கிறீங்கள், நானா."

புரியாணியைக் கடைசியில் இறுக மூடி, மூடிமேல் தணல் பரப்பித் தம் போடுவோம். பாடம் தேவைப்பட்ட அந்த நேரத்தில்தான் பாடமெல்லாம் தணலுக்கடியில் கிடந்தது. அடுத்ததாகச் சஹன் தட்டின் அடிப்பக்கத்தில், "பெண் வீட்டார் சொல்லும் கணக்கை நம்பாதே" என்று எழுதினார். அதைத் திருப்பி வாசித்தவர் பெண்ணின் மாமா.

கடைசியில் காற்றுக்கு மறைப்பாகக் கட்டும் நீலத் தறப்பாள் அகப்பட்டது. எவன் எங்கே நிற்பானோ, அவன் கண்ணுக்கு நேரே அவனுடைய பாடம். அடுப்புப் பக்கம் நெருப்பு, அண்டாப் பக்கம் தண்ணீர், என் மூலையில் வெங்காயம். நடுவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நானாவின் கையால்: தம் மூடியைத் திறக்காதே.

போன சோழகக் காற்றுக் காலத்தில் நானாவின் ஒரே மகளுக்குக் கலியாணம். எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை வீட்டார் கொண்டச்சியில இருந்து வாறாங்கள். சோறு பிழைச்சா என்ட பிள்ளைக்குத்தான் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்கள்."

நாலு பேர் என்பது அவரையும் சேர்த்துத்தான். பாரூக் அகப்பையை அவர் கையிலிருந்து வாங்கினான். "நீங்கள் இண்டைக்குப் பெண்ணுக்கு வாப்பா. வாசலுக்குப் போங்கோ."

போனார். ஸலாம் சொன்ன வாய் வாசலில், மூக்கு அடுப்படியில். தண்ணீர் குடிக்க வந்தார். செருப்பைத் தேடி வந்தார். செருப்பு காலிலேயே இருந்தது. அன்ரன் சாப்பிட்டானா என்று கேட்க வந்தார்.

தம் போட்ட நேரம் காற்று திரும்பியது. தறப்பாளில் எழுதியிருந்தபடியே தறப்பாளை மறுபக்கம் இழுத்துக் கட்டினோம். நெருப்பு அடங்கி ஒழுங்காக நின்றது. ஆனால் தறப்பாள் படபடத்ததை வாசலில் நின்று கண்ட நானா, வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்து, தணலைத் தட்டிவிட்டு, மூடியைத் திறந்துவிட்டார்.

ஆவியெல்லாம் போய்விட்டது. மேற்சோறு அரைவேக்காடு. மாப்பிள்ளை வீட்டார் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானா தறப்பாளைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

பாரூக் திரும்ப மூடிப் புதுத் தணல் போட்டான். கடைசியில் இனிப்பாகப் பரிமாற வேண்டிய வட்டிலாப்பத்தை முதலில் அனுப்பச் சொன்னவன் அன்ரன். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டாந்தரமும் கேட்டு வாங்கி, உப்புக்குளத்து வழக்கம் நல்ல வழக்கம் என்றாராம். அதற்குள் சோறு வெந்துவிட்டது.

எல்லோரும் போனபின் சஹனைச் சுற்றி உட்கார்ந்தோம். சட்டையெல்லாம் கரியோடு நானாவும் வந்திருந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"மூடியைத் திறந்தனான்," என்றார். "பிழை அதில்லை. உங்களை நம்பேல்ல. அதுதான் பிழை." பிறகு பெயின்ற் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "நீ எழுது."

"என்ட எழுத்து ஒருத்தருக்கும் விளங்காது, நானா."

"அதுதான் நல்லம். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் மறக்கமாட்டான்."

அன்றைக்கு என்னால் எழுத முடியவில்லை. அதன்பின் ஒவ்வொரு கலியாணத்திலும், எழுதினாயா என்று கேட்பார். தூரிகை காய்ந்துவிட்டது என்பேன், பெயின்ற் முடிந்துவிட்டது என்பேன். இன்று காலையில் அவரே புது டப்பாவும் தூரிகையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

எழுதிவிட்டேன். அவருடைய பெரிய எழுத்துக்குக் கீழே, என் கோழி கிளறலில்:

பெண்ணுக்கு வாப்பா என்றால் ஒரு தடவை திறக்கலாம்.

எழுதிய நாள்: இந்த வருடம் சோழகம் தொடங்கி வந்த முதல் வெள்ளிக்கிழமை.