கடலுக்கு லீவு விட்ட காலண்டர்

உலகத்தில் மற்ற ஊர்களிலெல்லாம் சூரியன் உதித்தால் கிழமை மாறும். நான் வேலை பார்த்த கடற்கரையில் மட்டும் காலண்டர் தாளைக் கிழித்தால்தான் மாறும். காலண்டர் என்பது ஓர் ஆளின் பெயர். தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கத்தான் வேண்டும். ஏழு வருஷம் அவருடைய பெட்டிக்கடையில் வாழைப்பழமும் தீப்பெட்டியும் வாங்கியிருக்கிறேன், எனக்கு அது தெரியாது. கணக்கெடுப்புக்கு வந்த வாத்தியார் ஒருவர் அரை நாள் விசாரித்துப் பார்த்துவிட்டு, “காலண்டர்னே எழுதிக்கவா?” என்று கேட்டு எழுதிக்கொண்டு போனதாகக் கேள்வி.

நான் அப்போது அங்கே ஐஸ் கம்பெனி மேனேஜர். தஞ்சாவூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம் எங்களுடையது. வேளாங்கண்ணியில் கால் நனைத்ததோடு கடலுக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்திருந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மீன் நாற்றத்தில் தலை சுற்றிப் போய் முதலில் உட்கார்ந்த இடம் காலண்டரின் கடைதான். இறாலையும் நண்டையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகள் லாரி லாரியாக வந்துகொண்டிருந்த காலம் அது. வளைகுடாவில் சம்பாதித்தவர்கள் திரும்பி வந்து விசைப்படகு வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் பழைய நாட்டுப்படகிலேயே போனார்கள். இரண்டு பேருக்கும் கடல் ஒன்றுதான், அங்கேதான் வம்பு.

நாட்டுப்படகுக்காரன் விரித்த வலைமேல் விசைப்படகு போனால் வலை நாராகிவிடும். அதனால் கிழமையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. செவ்வாய், வியாழன், ஞாயிறு நாட்டுப்படகுக்கு. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற ஊரிலிருந்து வந்தவன் என்பதால் எனக்கு இது உடனே பிடிபட்டது. முறை என்றால் கடைசியில் ஒரு தகராறு மிச்சமிருக்கும் என்பதும் தெரியும். இங்கே மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை.

வெள்ளி யாருக்கு என்று பஞ்சாயத்தில் மூன்று நாள் சண்டை போட்டார்களாம். எங்களுக்கு என்றார்கள் இவர்கள், எங்களுக்கு என்றார்கள் அவர்கள். கூட்டத்துக்கு சோடா கொடுக்க வந்த பெட்டிக்கடைக்காரர் வாயைத் திறந்தார்.

“யாருக்கும் வேணாங்க. கடலுக்குக் குடுத்துடுங்க.”

“கடலுக்கா?”

“ஆமா. கவர்மெண்டு ஆபீஸுக்கு லீவு இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு இருக்கு. கடல் என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு நாளு மூச்சு விட்டுக்கட்டும். குஞ்சு கொஞ்சம் பெருக்கட்டும்.”

எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்து முடித்த பிறகு ஒத்துக்கொண்டும் விட்டார்கள். கடல்மேல் இருந்த கரிசனத்தால் என்று நினைக்க வேண்டாம். எதிராளிக்குப் போவதைவிட யாருக்கும் இல்லாமல் போவது தேவலை என்று இரண்டு தரப்புக்கும் தோன்றியது. முறை தவறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையையும் சோடாக்காரர் தலையிலேயே கட்டினார்கள். அவரும் கூட்டத்தின் நடுவில் நின்று, “என்னால ஒரு நாளு முறை தப்புச்சுன்னா அன்னைக்கே இந்தக் காலண்டரை உங்ககிட்ட குடுத்துட்டுப் போயிடுவேன்” என்று சொல்லி, கடை வாசலில் ஒரு தினசரி காலண்டரை ஆணியடித்து மாட்டினார். அன்று முதல் அவர் காலண்டர்.

தினமும் விடியும்போது கடலுக்குள் முழங்கால் அளவு இறங்கி, கையை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த ஈரக் கையோடு வந்து தாளைக் கிழிப்பார். கிழித்த தாளை ஒரு கம்பியில் குத்தி வைப்பார். பிறகு என்ன கிழமை என்று உரக்கச் சொல்வார். அதற்கு முன்னால் ஒரு படகு நகராது. கண்ணெதிரே விடிந்து வெளுத்துக் கிடந்தாலும், “இன்னும் கிழிக்கலீங்க” என்று உட்கார்ந்திருப்பார்கள்.

என் வியாபாரத்துக்கு இந்த மனிதரைப் போல ஒரு சனி கிடையாது. தினமும் எல்லாரும் கடலுக்குப் போனால்தான் எனக்கு ஐஸ் ஓடும். இவரோ கம்பெனி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முறை இல்லாதவனுக்கு ஐஸ் தரவிட மாட்டார். “கல்யாண வீட்டுக்குன்னு கேக்குறாங்க, காலண்டரே” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எழுந்து போய் அந்தக் கல்யாண வீட்டை விசாரித்துவிட்டு வந்தார். பெண்ணுக்கு ஆறு வயது.

ஒரு வெள்ளிக்கிழமை மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். கடல்பசு பார்க்க வேண்டுமாம். படகு தயார் செய்தார்கள். காலண்டர் குறுக்கே போய்க் கைகட்டி நின்றார்.

“கடல் இன்னைக்கு லீவு சார்.”

“நான் மீன் பிடிக்கப் போகலையேப்பா. சும்மா பார்த்துட்டு வரப்போறேன்.”

“லீவு நாள்ல உங்க வீட்டுக்கு யாராவது சும்மா பாத்துட்டுப் போறேன்னு வந்தா உங்களுக்கு எப்படி சார் இருக்கும்?”

அதிகாரியின் மனைவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவர்கள் வீட்டுக்கு லீவு நாளில் யார் வருவார்களோ, தெரியாது. குடும்பம் கரையிலேயே இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

காலண்டர் பேச்சடங்கிப் போனதை அதுவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். இலங்கைப் பக்கத்து மீனவர்கள் சிலர் பேச்சுவார்த்தைக்கு வந்திருந்தார்கள். கூட்டம் நடந்த மண்டபத்தில் ஒரே கூச்சல். காலண்டர் எழுந்து, “உங்க பக்கம் கடலுக்கு எந்தக் கிழமைங்க லீவு?” என்று கேட்டார். அங்கிருந்து வந்த பெரியவர் ஒருவர் அவர் பக்கம் திரும்பினார்.

“எங்கட கடலுக்கு லீவு இல்லை ஐயா. உங்கட விசைப்படகுகள் வாற நாளெல்லாம் எங்களுக்குத்தான் லீவு.”

காலண்டர் உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து விசைப்படகு முறை வரும்போதெல்லாம் கிழமையோடு இன்னொரு வாக்கியமும் சேர்ந்துகொண்டது. “புதன்கிழமை! விசைப்படகு! அந்தாண்ட போவாதீங்க, அங்கயும் ஆளுங்க இருக்காங்க!” கேட்டவர்கள் பாதிப் பேர், கேட்காதவர்கள் பாதிப் பேர். அவர் மட்டும் ஒரு நாள் விடாமல் கத்தினார்.

கேட்காத பாதியில் முதல் ஆள் விக்டர். குவைத்தில் பத்து வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்து விசைப்படகு வாங்கியவர். கறுப்புக் கண்ணாடியைக் கோயிலில்கூடக் கழற்ற மாட்டார். “உலகமே ஓபன் ஆயிடுச்சு, இந்தாளு கடலுக்கு லீவு விட்டுக்கிட்டு கெடக்காரு” என்று என்னிடம் தினமும் குறைபட்டுக்கொள்வார். ஐஸ் விற்கிறவன் என்ற முறையில் நானும் தலையாட்டுவேன்.

அப்புறம்தான் அந்தப் புயல் வந்தது. ஒன்பது நாள் ஒரு படகு இறங்கவில்லை. கரண்டு இல்லை, போன் கம்பமெல்லாம் சாய்ந்துவிட்டது, ரோட்டில் தண்ணீர். ரேடியோ வைத்திருந்தவர்களிடம் பேட்டரி தீர்ந்துபோனது. மாதா கோயில் சாமியார் பட்டுக்கோட்டையில் மாட்டிக்கொண்டதால் ஞாயிறு பூசையும் இல்லை. நான் ஒரு கல்யாணத்துக்கு தஞ்சாவூர் போனவன் அங்கேயே முடங்கினேன். படகுத்துறையில் ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார்கள். காலண்டர் மட்டும் கொட்டுகிற மழையில் தினமும் கடலில் கை நனைத்து வந்து, கேட்க ஆளில்லாத கரையில் கிழமை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மழை விட்டு முதல் பஸ் ஓடியபோது அதில் நானும் இருந்தேன். எனக்கு முன் சீட்டில் விக்டர், உறவினர் வீட்டிலிருந்து திரும்புகிறார். இறங்கியதும் கடலைப் பார்த்தார். நாற்பது நாட்டுப்படகுகள் தூரத்தில் வலை விரித்து நின்றன. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், சிவந்திருந்தன.

“சார், இன்னைக்கு புதன்தானே?”

என் கையில் அன்றைய பேப்பர் இருந்தது. வாட்ச்சிலும் கிழமை காட்டும். இரண்டிலும் புதன்கிழமைதான்.

“நம்ம நாள்ல யாரைக் கேட்டு எறங்குனாங்க?” என்று ஓடினார். கடை வாசல் காலண்டரில் கொட்டை எழுத்தில் வியாழன் என்று இருந்தது.

நான் பேப்பரைக் காட்டினேன். காலண்டர் அதைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். உள்ளே போய்க் கம்பியில் குத்தியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் தடவினார். ஞாயிற்றுக்கிழமையின் முதுகில் திங்கட்கிழமை ஒட்டிக்கொண்டிருந்தது. மழையில் ஊறிய தாள், போதாததற்கு அவருடைய ஈரக் கை. இரண்டு தாளும் சேர்ந்து வந்ததை அவர் கவனிக்கவில்லை.

அதற்குள் விசைப்படகு ஆட்கள் விக்டரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒன்பது நாள் பட்டினி அவர்களுக்கும்தான். இன்று அவர்கள் முறை, அவர்கள் போகலாம். போனால் அந்த நாற்பது வலையும் மிஞ்சாது. வலை கிழிந்தால் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள், அதோடு முறையும் போய்விடும், வெள்ளிக்கிழமையும் போய்விடும். எனக்கு வாழ்க்கையில் அபூர்வமாக ஒரு நல்ல எண்ணம் வந்தது.

“விக்டர், ஐஸ் இல்லப்பா. ஜெனரேட்டர் கெட்டுப்போச்சு” என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை மீறித்தான் நான் பொய்யைக் கத்த வேண்டியிருந்தது.

“சார் பொய் சொல்றாருங்க” என்றார் காலண்டர். “ஐஸ் இருக்கு. எனக்காவச் சொல்றாரு.” ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி எடுத்து வந்து விக்டரிடம் நீட்டினார். “தப்பு என்னுது. இன்னைக்கு உங்க நாளு. போவாதீங்கன்னு சொன்னா நான் சொன்ன முறை போயிடும். போங்கன்னு சொன்னா அவங்க வலை போயிடும். எனக்கு ரெண்டும் வாயில வரல. நீங்களே வச்சுக்குங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஐஸ் ஞாபகமே இல்லை.

விக்டர் காலண்டரை வாங்கினார். கடலைப் பார்த்தார். நேராகக் கடைக்குப் போய் அதே ஆணியில் மாட்டினார்.

“இதுல என்ன கிழமை போட்டிருக்கு?”

“அது தப்புங்க...”

“என்ன போட்டிருக்குன்னுதான் கேட்டேன்.”

“வியாழன்.”

“அப்ப வியாழன்தான்.” ஆட்கள் பக்கம் திரும்பினார். “டேய், வலையெல்லாம் எடுத்து வைங்கடா. நம்ம நாளு இல்ல.” முணுமுணுப்பு எழுந்தது. “என்னடா? இத்தனை வருஷம் அவர் சொன்ன கிழமையிலதான பொழைச்சோம்? இன்னைக்கு மட்டும் பேப்பர்காரன் சொல்லணுமா?” கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். “சார், அந்தப் பேப்பரை மடிச்சு உள்ள வைங்க.”

மறுநாள் துறையில் வெள்ளிக்கிழமை, கடலுக்கு லீவு. அதற்கு மறுநாள் உலகத்துக்கு வெள்ளிக்கிழமை. காலண்டர் கை நனைத்து வந்து நின்றார், தாளைக் கிழிக்கவில்லை.

“நேத்தே வெள்ளி முடிஞ்சிருச்சே?” என்றார் விக்டர்.

“அது என்னோட வெள்ளி. இன்னைக்கு ஊரு வெள்ளி. என் தப்புக்குக் கடலு என்ன பண்ணும்?”

திங்கட்கிழமையே இல்லாமல் இரண்டு வெள்ளிக்கிழமையோடு ஒரு வாரம் எங்கள் துறையில் மட்டும்தான் நடந்தது. கடலுக்கு ஒரு நாள் லாபம். எனக்கு இரண்டு நாள் ஐஸ் நஷ்டம்.

எனக்கு அப்புறம் தஞ்சாவூருக்கு மாற்றலாகிவிட்டது. வருஷா வருஷம் காலண்டரிடமிருந்து தபாலில் ஒரு தினசரி காலண்டர் வரும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நீலப் பேனாவால் வட்டம் போட்டிருக்கும். துறையின் பிள்ளைகள் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள், அவர்களுக்கும் அனுப்புவதாகச் சொன்னார்கள். அங்கே எந்தக் கடலுக்கு லீவு விடச் சொன்னாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விக்டர் போன் செய்தார். “காலண்டர் போயிட்டாரு சார்” என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். துறையில் ஒரு படகுகூட நகரவில்லை. விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. விக்டர் கடை வாசலில், காலண்டரின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போடவில்லை.

“என்ன விக்டர், இன்னைக்கு சனிக்கிழமை. உங்க நாளாச்சே?” என்றேன்.

“யாரு சார் சொன்னா?” என்று தலைக்கு மேலே ஆணியைக் காட்டினார். தாள் கிழிக்கப்படாமல் வெள்ளிக்கிழமை என்றே இருந்தது.

கிழமை காட்டும் என் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.