பெண் எலிகளை வைத்து நான் நிரூபித்தது

எனக்குத் தெரியாத நடைமுறை கிடையாது. கோவையில் ஒரு மருந்தியல் கல்லூரியில் முப்பது வருடம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எலியை எப்படிப் பிடித்தால் கடிக்காது, விடுப்புக் கடிதத்தை எந்த மேசையில் வைத்தால் நகரும் (எந்த மேசையில் வைத்தால் வீணாய்ப் போகும்) எல்லாம் அத்துப்படி. அப்படிப்பட்டவன் ஒரு முறை மடையனாக நின்றேன். அதில் எலிகளின் தப்பு எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் மகள் நான்கு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு என் மனைவி மரகதம் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வாரங்கள் கழித்து டப்பாவை என் முன்னால் வைத்தாள்.

“இது வேண்டாமுங்க. அடுப்புல பால் வெச்சதே மறந்துபோச்சு. நாளைக்குப் பாப்பா மூஞ்சி மறந்துபோச்சுன்னா நான் என்ன பண்றதுங்க?”

வேறு யாராவது என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துவந்தேன். அதே மருந்து கொடுத்த எலிகளுக்கு ஞாபகம் கெடவில்லை என்று அடிக்கோடிட்டுப் படித்துக் காட்டினேன்.

“அதெல்லாம் பொட்டை எலிங்களா?”

இல்லை. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கொரு முறை உடம்பின் சுரப்பு மாறும், முடிவுகள் குழம்பும் என்று பலரும் ஆண் எலிகளோடு நின்றுவிடுவார்கள். அதையும் சொன்னேன்.

“ஆம்பளை எலிக்கு ஒண்ணும் ஆகலீன்னா எனக்கென்னங்க?” என்றாள்.

எங்கள் துறையில் ஒருவரும் கேட்காத கேள்வி. பெண் எலிகளை வைத்தே நிரூபிக்கிறேன், அதுவரை மாத்திரையை நிறுத்தாதே என்றேன். தலையாட்டினாள்.

முறைப்படி அனுமதி வாங்கினேன். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். பயத்தை அளக்க, கூட்டல் குறி போன்ற உயரமான மரப்பாதை. அதன் நான்கு கிளைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்குக் கிடையாது. பயந்த எலி சுவரோரமே ஒண்டிக்கிடக்கும். மருந்து சாப்பிட்டவை மெல்ல வெளியே வந்தன. ஞாபகத்தை அளக்க, பால் கலந்த வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி. தண்ணீருக்குச் சற்று அடியில் ஒரு வெள்ளைத் தட்டு. அது எங்கே இருக்கிறது என்பதை எலி நினைவில் வைத்து நீந்திப் போய் ஏற வேண்டும். நான் வெள்ளைக் கோட்டோடு, கையில் ஸ்டாப்வாட்சோடு, கிரிக்கெட் அம்பயர் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

எல்லா எலிகளும் நேராகத் தட்டுக்குப் போயின. முடிவுகளின் வரைபடத்தை வீட்டுக்கே கொண்டுபோனேன்.

“எல்லாமே பொட்டை எலி. ஒண்ணுக்குக்கூட ஞாபகம் கெடலை.”

மரகதம் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். அந்த வாரம் தானே மளிகைக் கடைக்குப் போய்வந்தாள். எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்த அன்றுகூட அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

அடுத்த வாரம் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் என் ஆய்வைப் பார்வையிட வந்தார். துறைத் தலைவரும் மாணவர்களும் சூழ, நான் எலியை இறக்கினேன். வந்தவர் தொட்டிக்கருகில் குத்துக்காலிட்டு, எலியின் கண்மட்டத்துக்குக் குனிந்தார்.

“தட்டு வெளிய தெரியுதே?” என்றார்.

நானும் குனிந்தேன். வெள்ளைத் தண்ணீருக்கு மேலே வெள்ளைத் தட்டு அரை விரல்கடை நீட்டிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தால் தெரியாது, நீந்துகிறவருக்கு நன்றாகவே தெரியும். (எனக்குக் கண்ணாடி போடச் சொல்லியிருந்தார்கள். வயதைக் காட்டும் என்று நான் போடவில்லை.)

எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ராமாத்தாளைக் கூப்பிட்டேன்.

“தண்ணி ஏன் குறைஞ்சிருக்கு?”

“நாந்தானுங்க டெய்லி ரெண்டு பக்கெட் எறச்சு வெளிய ஊத்திப்போடுவேன். தட்டுல ஏறி நின்னாலும் வவுறு நனைஞ்சு வெடவெடன்னு நடுங்குதுங்க. பொட்டை உசுருங்க, பாவம்.”

“மொதல் நாள்ல இருந்தா?”

“ஆமாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே. சரீன்னு நெனச்சேனுங்க.”

யாரோ ஒரு மாணவன் இருமுவதுபோல் சிரித்தான். பேராசிரியர் தன் நோட்டை மூடினார். பார்க்க முடிந்த தட்டை நோக்கி நீந்த எந்த ஞாபகமும் தேவையில்லை. என் வரைபடம் நிரூபித்தது, எலிகளுக்குக் கண் தெரியும் என்பதை மட்டும்தான்.

ஆய்வு போனது பெரிதில்லை. மரகதம் அந்தத் தாளை நம்பி மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். பேருந்தில் காந்திபுரம் வரும்வரை சொல்லாமலிருக்கக் காரணம் தேடினேன். எதுவும் உருப்படியாக இல்லை. சமையலறைக்குப் போய் அத்தனையும் சொன்னேன். மாத்திரையால் ஞாபகம் கெடுமா கெடாதா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

கோபப்படவில்லை. அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப பாப்பா என்ன கலர் கவுன் போட்டிருந்தா?”

யோசித்தேன். அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். நெஞ்சில் அவள் சூடு இருந்தது. நிறம் வரவில்லை.

“ரோஸ்,” என்றேன்.

“இல்லீங்க.” தண்ணீரை வடித்தாள். “தெனமும் மாத்திரைய முழுங்குனதும் இதைத்தான் எனக்கு நானே கேட்டுக்குவேன். தெனமும் சரியாத்தான் சொல்றேன். மாத்திரை சாப்பிடறது நானு. மறந்தது நீங்க.”

பிறகு சேலைத் தலைப்பைத் தேடும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்க எனக்கு நடைமுறை தெரியவில்லை.

மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய் வந்தோம். அவர் நிறுத்தச் சொல்லும்வரை மரகதம் மாத்திரையை நிறுத்தவில்லை.

இன்றும் நான் வண்டிச் சாவியைத் தேடினால் வந்திருக்கும் விருந்தாளிகளிடம் சொல்வாள்: “எங்கூட்டுல மாத்திரை சாப்பிடாதவருக்குத்தானுங்க ஞாபகம் போச்சு.” எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கவுன் என்ன நிறம் என்பதை அவள் இதுவரை சொல்லவில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.