பணிஸ் பழகிய படங்கு

சொல்லிக் கொடுப்பவருக்குத் தான் என்ன சொல்லிக் கொடுத்தோம் என்பது கடைசியில்தான் தெரிய வருகிறது. கற்றுக்கொள்பவருக்கு அது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு நாய்க்குட்டி. அதுவும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரையும், மேனேஜரான தொரையையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் உதவிக்கு இருந்தேன். அம்மாமார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். பாட்டு, கதை, படம் எல்லாம் டீச்சரம்மாவின் பொறுப்பு. பிள்ளைகளைப் பிளாஸ்டிக் சட்டியில் உட்கார வைத்துப் பழக்குவது என் பொறுப்பு. (நானாக விரும்பி எடுத்த துறை இல்லை. சேர்ந்த அன்று டீச்சரம்மா சிரித்த முகத்தோடு சட்டியைக் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.)

என் முறை எளிமையானது. தினமும் ஒரே இடம். காரியம் முடிந்ததும் மடுவத்தில் இருக்கிற எல்லோரும் கை தட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தக் கைதட்டலில் அப்படி ஓர் ஆசை. ஒன்றும் வராவிட்டாலும் முகம் சிவக்க முக்கிப் பார்ப்பார்கள். அடுத்த பிள்ளைக்கும் தட்டுவார்கள். கொஞ்ச நாளில் மடுவத்துத் தரை காய்ந்துவிட்டது. 'ஒனக்குக் கைராசி புள்ள' என்று டீச்சரம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மா கங்காணி ஆனார். எங்கள் தோட்டத்தில் கங்காணி என்றால் அதுவரை ஆம்பளைதான். குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, கொழுந்து எடுப்பவர்களை மேய்ப்பது அவர் வேலை. புதிதாக வந்த தொரை ஒரு பெண்ணை வைத்துப் பார்க்கலாமே என்று அம்மாவைக் கூப்பிட்டார். "ஒரு மாசம் பாப்போம். கொழுந்து சுத்தமா வரணும். பொம்பளைங்க பேச்சுக் கேக்கணும். இல்லாட்டி பழையபடி எடுக்கப் போகணும்" என்று சொல்லிவிட்டார்.

கொழுந்து சுத்தமாகத்தான் வந்தது. பேச்சுக் கேட்பதில்தான் சிக்கல். நேற்றுவரை பக்கத்து நிரையில் நின்று ஊர்க்கதை பேசியவள், இன்றைக்குக் குடையோடு வந்து 'முத்தல் எடுக்காத' என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதிலும் எங்கள் லய வரிசையில் கடைசி வீட்டு சரோஜா அத்தை இருக்கிறாரே, "ஏ மாரியாயி, கொடைய கொஞ்சம் இப்பிடிச் சாச்சுப் புடி, நானும் நனையாம இருக்கேன்" என்பார். மலையே சிரிக்கும். அம்மா சாயங்காலம் வந்து, நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு, பால் ஊற்றாத சாயத்தண்ணி குடிப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இப்படி வீடு இருக்கிற நிலையில் நாய்க்குட்டி தேவையா என்று நீங்கள் கேட்கலாம். தேவையில்லைதான். பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்க வரும் பாண் ஆட்டோவில் பணிஸ் (இனிப்பு பன்தான்) வாங்கப் போனேன். பாண்காரருடைய வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. தட்டுகளுக்கு நடுவில், பழுப்பு நிறத்தில், உருண்டையாக ஒன்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. பணிஸ் வாங்காமல் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். பெயருக்காக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுக்குள்ள ஒரு சொட்டு விழுந்துச்சு, அன்னைக்கே பாண்காரர்கிட்ட திருப்பிக் குடுத்துருவேன்" என்றார் அம்மா. அவர் சொல்லி வாய் மூடவில்லை, அம்மாவின் செருப்பில் முதல் சொட்டு விழுந்தது.

"அது செருப்பும்மா. வீடு இல்ல" என்றேன். பணிஸுக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது.

வட்டவளையில் மழை பெய்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. மழை நின்றால்தான் அது செய்தி. பணிஸை வெளியே கொண்டுபோய் விட்டால், என் கால் இரண்டுக்கும் நடுவில் புகுந்துகொண்டு நடுங்குவான். குடை பிடித்துப் பார்த்தேன். குடையைத்தான் வேடிக்கை பார்த்தான். உள்ளே தூக்கி வந்து, துவட்டி, அடுப்பங்கரையில் விட்டதும் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு, அங்கேயே போய்விடுவான். எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அவ்வளவு நேரம் எப்படி வைத்துக்கொண்டிருந்தான்? 'இங்கே போகலாம்' என்று அவனுக்குள் யார் சொல்கிறார்கள்? அடுப்பங்கரையில் அவன் உயரத்துக்குக் குனிந்து, அவன் பார்க்கிற பக்கமெல்லாம் பார்த்தேன். அம்மா பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனில் வீடியோக்களைத் தேடினேன். பழைய பேப்பரை விரித்து அதன் மேல் பழக்கு என்றார்கள். எங்கள் வீட்டில் பேப்பர் ஏது? செய்தியெல்லாம் போனில்தான் வருகிறது. போனை விரித்து வைக்க முடியாது. அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படங்கு கண்ணில் பட்டது.

கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்புதான் படங்கு. செடிக் குச்சி கிழிக்காமல், பனியும் மழையும் இறங்காமல் காப்பாற்றும். நிறுவை நேரத்தில் அதையே அவிழ்த்துத் தரையில் விரித்து, எடுத்த கொழுந்தை அதில் கொட்டி, முத்தலைப் பொறுக்கி எறிவார்கள். கங்காணிக்குப் படங்கு வேண்டாம். அதனால் அம்மாவுடையது ஆணியில் சும்மா தொங்கியது.

"அதை வெட்டிக் கிட்டிப் போடாத புள்ள" என்றார் அம்மா. "இந்த மாசம் முடிஞ்சா எனக்கே அது திரும்ப வேணுமோ என்னமோ."

"வேணாம்மா. நீங்க கங்காணிதான்" என்றேன். வெட்டாமல், நாலாக மடித்துக் கதவோரம் போட்டேன்.

அதில் அம்மாவின் வாசனையா, கொழுந்துச் சாற்றின் வாசனையா, எது என்று தெரியவில்லை. பணிஸ் முகர்ந்தான், சுற்றினான், உட்கார்ந்தான், போனான். நான் கை தட்டினேன். அவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். பிறகு வாலை ஆட்டினான். மறுநாள் போய்விட்டு, தட்டுகிறேனா என்று அவனாகவே திரும்பிப் பார்த்தான்!

இத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் குடைச்சல் தாங்காதே. அவன் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறான் என்று தெரிந்தாக வேண்டும். படங்கை எடுத்துவிட்டு உரப்பையை விரித்தேன். அவமானப்பட்டவன் மாதிரி விலகிப் போனான். என் பழைய மழைக்கோட்டை விரித்தேன். அதில் படுத்துத் தூங்கினான். படங்கைக் கழுவிக் காயவைத்து அடுத்த அறையில் போட்டேன். தேடிப் போய் அதில் ஒன்றுக்கு இருந்தான். கொல்லைப் பக்கம் போட்டேன். தூறலில் நனைந்துகொண்டே போய் அதில் இருந்தான். சரோஜா அத்தையின் படங்கை இரவல் வாங்கி (எதற்கு என்று சொல்லவில்லை) விரித்துப் பார்த்தேன். அதிலும் இருந்தான். தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படங்குதான் கொடுப்பார்கள். எவ்வளவு அறிவு இந்தப் பிள்ளைக்கு என்று பூரித்துப்போய், அதற்கும் தட்டினேன்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் வந்தன, அது வரவில்லை.

அம்மாவின் மாதம் முடிகிற வாரம், ஒரு நாள் காலை அபூர்வமாக வெயில் வந்தது. பணிஸை ஜெர்சிக்குள் போட்டுக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். பிள்ளைகள் அவனைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்திருந்தார்கள். காலை முழுக்க அவன் ஒரு சொட்டு விடவில்லை. சட்டியைக் காட்டினேன்; முகர்ந்துவிட்டு வந்துவிட்டான். "பாத்தீங்களா டீச்சர், எம்புட்டு ஒழுக்கம்!" என்றேன். மத்தியானம் ஆகும்போது அவன் நடையே கொஞ்சம் மாறியிருந்தது. அதையும் ஒழுக்கத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மடுவத்துக்குக் கீழே ரோட்டோரத்தில்தான் கொழுந்து நிறுப்பார்கள். மத்தியான நிறுவைக்குப் பெண்கள் இறங்கி வந்திருந்தார்கள். தொரையின் மோட்டார் சைக்கிளும் நின்றது. தொரையும் பார்க்கட்டுமே என்று தோன்றியது. (கங்காணி வீட்டில் நாய்கூட எவ்வளவு ஒழுங்கு என்று அவர் வியப்பதாகவும், அம்மாவுக்கு அந்த இடத்திலேயே வேலையை நிரந்தரம் செய்வதாகவும், இறங்கி நடக்கும்போதே கற்பனை செய்து முடித்துவிட்டேன்.) என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் கூடவே வந்தார்கள். கீழே போய் பணிஸை இறக்கிவிட்டேன்.

அவன் நின்றான். ரோட்டோரம் நீளத்துக்குப் படங்குகள். விரித்த படங்கு, பாதி விரித்த படங்கு, இடுப்பில் கட்டிய படங்கு. பாவம், ஒரே ஒரு கக்கூசை நம்பி வாழ்ந்தவன். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றினான். பிறகு காலையெல்லாம் அடக்கியதை நினைத்துக்கொண்டானோ என்னவோ, நேரே சரோஜா அத்தையின் படங்கில் ஏறி, பச்சைப் பசேலென்று குவிந்திருந்த கொழுந்தின் உச்சியில் உட்கார்ந்தான்.

ரொம்ப நேரம் போனான். தராசைப் பிடித்திருந்த கணக்கப்பிள்ளைகூட அப்படியே நின்றார். முடித்துவிட்டு பணிஸ் திரும்பி என்னைப் பார்த்தான்.

என் கை இரண்டும் தட்டின.

நான் தட்டவில்லை, கைதான் தட்டியது என்று இன்றுவரை சொல்லிப் பார்க்கிறேன், யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து தட்டின. பணிஸ் பாக்கியை முடிக்க அடுத்த படங்குக்குக் கிளம்பினான். பாய்ந்து பிடித்தேன்.

"கங்காணி, யாரு நாய் இது?" என்றார் தொரை.

"எங்க வீட்டு நாய்ங்க தொரை" என்றார் அம்மா.

"அந்தப் புள்ள ஏன் கை தட்டுது?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதுவும் எங்க வீட்டுதாங்க தொரை."

ஒரு மாதமாக அம்மா வாயைக் கட்டி, வயிற்றெரிச்சலை அடக்கி, சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரு நொடியில் நனைத்துவிட்டேனே என்று இருந்தது. தொரை அம்மாவைப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா குடையை மடக்கினார்.

"சரோஜா, அந்தக் கொழுந்து தராசுக்கு வரக்கூடாது. கான்ல கொட்டிரு."

ரோட்டோரச் சாக்கடையில் கொட்டச் சொல்வது லேசான பேச்சு இல்லை. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதிக் கூலிதான் விழும். காலையிலிருந்து பட்ட பாடு பாதியாகிவிடும். சரோஜா அத்தை இடுப்பில் கை வைத்தார். அவர் மாட்டேன் என்றால் அம்மாவின் கங்காணி வேலை அந்த ரோட்டோரத்திலேயே முடிந்தது. எனக்கு அது தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

"அப்ப எம் பேரு?" என்றார் அத்தை.

"ஒனக்குக் கொறையிறத அந்திக்குள்ள எடுத்துக் குடுக்குறது எம் பொறுப்பு."

"நீ எடுக்கக் கூடாது. நீ எடுத்தா இங்குட்டு எங்கள யாரு பாக்குறது?" அத்தை படங்கின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்துத் தூக்கினார். போகிற போக்கில் என் பக்கம் முகத்தைக் காட்டினார். "கை தட்டுனவ வந்து எடுக்கட்டும். என்னாங்க கங்காணியம்மா?"

கங்காணியம்மா. அந்தச் சொல்லை அத்தை வாயிலிருந்து அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன். கொழுந்து கானில் விழுந்தது. தொரை ஹெல்மெட்டைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். "நிறுவையப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பீலித் தண்ணியில் கழுவிய அதே படங்கை அத்தையே எனக்குக் கட்டிவிட்டார், மூச்சு முட்டுகிற அளவுக்கு. டீச்சரம்மாவிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மலையேறினேன். நான் கொழுந்து எடுத்த விதத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒவ்வொரு இலையையும் கேட்டுக் கேட்டு எடுத்தேன். இரண்டு அட்டைகள் என்னைத் தேர்ந்தெடுத்தன. வழக்கமான மழை வந்தது. அம்மா மேலே நின்று, "முத்தல் எடுக்காத, முத்தல் எடுக்காத" என்று மற்றவர்களைவிட என்னைத்தான் அதிகம் விரட்டினார். பெண்களுக்கு அதில் பரம திருப்தி. அவர்களும் ஆளுக்கொரு பிடி அத்தையின் பையில் போட்டார்கள். இல்லாவிட்டால் நான் இன்னும் அந்த மலையில்தான் இருப்பேன்.

கடைசி நிரையில் நிற்கும்போது காலடியில் ஏதோ உரசியது. பணிஸ். மடுவத்திலிருந்து எப்படியோ தப்பி, மழையைக்கூடப் பார்க்காமல் என்னைத் தேடி வந்திருந்தான். பாசம் என்று நினைத்து உருகிப் போனேன். அவன் தேடி வந்தது என்னை இல்லை என்பது, முழங்காலுக்குக் கீழே சூடாக இறங்கியபோது தெரிந்தது. மேல் நிரையிலிருந்து கீழ் நிரை வரை மொத்த மலையும் கை தட்டியது.

மாதக் கடைசியில் தொரை அம்மாவை நிரந்தரம் செய்தார். காரணம் சொல்லவில்லை. 'அது நான் கொழுந்தக் கொட்டுனதுனால' என்று சரோஜா அத்தை இன்றும் உரிமை கொண்டாடுகிறார். அம்மா மறுப்பதில்லை.

பணிஸைத் திருத்த நான் எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. இப்போது பெரிய நாய். அவன் கண்ணுக்கு எங்கள் தோட்டம் எப்படித் தெரியும் என்று இன்னும் யோசிப்பேன். காலையில் இத்தனை மனுஷர்கள் ஆளுக்கொரு கக்கூசை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக மலையேறுகிறார்களே, எவ்வளவு நல்லவர்கள் என்று நினைப்பானோ?

போன வருஷம் புதுப் படங்கு கொடுத்தார்கள். அம்மா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுத்து முடித்துவிட்டு, கிழிசலென்று ஒதுக்கிய ஒன்றைக் கையில் எடுத்து, "பணிஸ்!" என்று கூப்பிட்டார். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் வந்த புதுத் தொரை, யார் இது என்று கேட்டார். "நம்ம ஆளுதாங்க தொரை. ஒரு நாள்கூட வேலைக்கு வராம நிக்க மாட்டான்" என்றார் சரோஜா அத்தை.

மழையிலும் அட்டையிலும் நின்று கொழுந்து எடுத்த எனக்கு என்ன கிடைத்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஒனக்கு அரைப் பேருதான் புள்ள" என்றார் அம்மா. "மீதி அரை பணிஸுக்கு."